ஜெயிச்சாச்சு, செலவு பண்ண காசு எங்க வக்கீல் சார்?

(வாசகர் கேள்வி பதில். பதில் சொல்றது தர்மபுரி வக்கீல்)

போன தடவை பட்டா, பாகப்பிரிவினைன்னு எழுதி முடிக்கும்போது கோர்ட் செலவு பத்தி ஏதாவது கேக்கணும்னா எழுதுங்கன்னு ஒரு வரி போட்டு வச்சேன், அவ்ளோதான், மாங்கா சீசன்ல கிருஷ்ணகிரி மண்டிக்கு வண்டி வந்து நிக்கிற மாதிரி லெட்டர் வந்து நிக்குது. எல்லாருக்கும் உள்ள குமுறிக்கிட்டே இருந்திருக்கு போல. ஆளுங்க பேரை எடுத்துட்டு ஊர் பேரை மட்டும் விட்டிருக்கேன்.

காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு மாந்தோப்புக்காரர்: எங்க தோப்புக்குப் போற வண்டிப்பாதையை பக்கத்துக் காட்டுக்காரர் வேலி போட்டு அடைச்சிட்டார். முன்சீப் கோர்ட்ல கேஸ் போட்டு 9 வருஷம் அலைஞ்சு ஜெயிச்சிட்டேன். தீர்ப்புல "செலவுத்தொகையுடன்"னு இருந்துச்சு, ஆகா போட்ட காசு வந்துரும்னு நெனச்சேன். டிகிரி (தீர்ப்பை வச்சு கோர்ட் எழுதுற உத்தரவு) காப்பி வாங்கிப் பாத்தா கடைசி பக்கத்துல மொத்தமே 3,415 ரூபாய்னு போட்டிருக்கு. எனக்கு செலவானது ஒண்ணே முக்கால் லட்சம் இருக்கும்ங்க. யாராவது தப்பா கூட்டிட்டாங்களா?

கூட்டினது சரியாத்தான் இருக்கும்ணா. நீங்க நெனைக்கிற செலவும் கோர்ட் சொல்ற செலவும் வேற வேற, பேரு மட்டும்தான் ஒண்ணு.

அந்த கடைசி பக்கத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க. நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் வாதி, இன்னொரு பக்கம் பிரதிவாதின்னு இருக்கும். பிராதுக்கு ஒட்டின கோர்ட் ஃபீஸ், வக்காலத்து ஸ்டாம்ப், சம்மன் பேட்டா, கோர்ட் அனுப்பின கமிஷனர் வந்து பாதையை அளந்திருந்தா அவருக்குக் கட்டின பணம், சாட்சிக்கு பேட்டா, டைப்பிங், அப்புறம் வக்கீல் ஃபீஸ்னு வரிசையா வரும். அந்த வக்கீல் ஃபீஸ்ங்கிறது நீங்க என்னை மாதிரி ஆளுக்கு எண்ணிக் கொடுத்த பணம் இல்ல. லீகல் பிராக்டிஷனர்ஸ் ஃபீஸ் ரூல்ஸ்னு 1973-ல போட்டது ஒண்ணு இருக்கு, வழக்கோட மதிப்பை வச்சு அது என்ன சொல்லுதோ அதான் கணக்கு. பாதை கேஸ், தடையுத்தரவு கேஸுக்கெல்லாம் மதிப்பே கம்மியாத்தான் காட்டுவோம், காட்டினாத்தான் கோர்ட் ஃபீஸ் கம்மியாகும், அப்ப கடைசியில கிடைக்கிற ஃபீஸும் அந்த அளவுக்குத்தான் நிக்கும். அதுலயும் வக்கீல் ஃபீஸ் வாங்கிட்டேன்னு சர்டிபிகேட் தாக்கல் பண்ணலைன்னா அந்த வரியும் காலி. உங்க பேப்பர்ல வக்கீல் ஃபீஸ்ங்கிற இடத்துக்கு நேரா ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தா என்ன நடந்திருக்கும்னு புரிஞ்சுக்கோங்க. குமாஸ்தா மறந்துட்டார்.

9 வருஷமா பஸ் சார்ஜ், ஓட்டல் சாப்பாடு, தோப்புல ஆள் வச்ச கூலி, அதெல்லாம்? அந்தப் பட்டியல்ல அதுக்கு எடமே கிடையாது. வரணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதுவும் நம்ம பக்கத்து ஊர்க்காரங்க போட்ட கேஸ்லயே. சேலம் அட்வகேட் பார் அசோசியேஷன் கேஸ், தீர்ப்பு 2005. சிவில் நடைமுறைச் சட்டத்துல கொண்டுவந்த திருத்தங்களை எதிர்த்துப் போட்டது. அதுல போற போக்குல செலவுத்தொகைன்னா நிஜமா ஆன, நியாயமான செலவா இருக்கணும், ஜெயிச்சவன் செலவழிச்ச நேரம், போக்குவரத்து, தங்கின செலவு எல்லாம் சேரணும், ஐகோர்ட்டுங்க அதுக்கேத்த மாதிரி ரூல் போடணும்னு தெளிவா எழுதியிருக்காங்க. 1965 வரைக்கும் நாமளும் சேலம் ஜில்லாதானே, அந்தப் பெருமையில நானும் அந்தத் தீர்ப்பை எத்தனையோ தடவை நீட்டிப் படிச்சிருக்கேன். ஜட்ஜ் தலையாட்டுவார், பட்டியல் பழையபடிதான் வரும்.

இப்ப என்ன பண்ணலாம்? ஏதாவது ஐட்டம் விட்டுப்போயிருந்தா, இல்ல எண்ணு தப்பா ஏறியிருந்தா, அதே சிவில் நடைமுறைச் சட்டத்தோட 152-வது பிரிவுல டிகிரியைத் திருத்தச் சொல்லி மனு போடலாம். அந்த 3,415 ரூபாயை எதிராளி தானா கொடுக்கலைன்னா ஈ.பி., அதாவது டிகிரியை நிறைவேத்தித் தரச் சொல்ற மனு, போட்டு வசூலிக்கலாம், 12 வருஷம் டைம் இருக்கு. ஆனா ஈ.பி. போட இன்னொரு ஸ்டாம்ப், இன்னொரு பேட்டா, இன்னொரு ரவுண்டு அலைச்சல். சுண்டக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான். பாதை திறந்துச்சா, வண்டி போகுதா, அதைப் பாருங்கண்ணா.

ஓசூர்ல இருந்து, கம்பெனியில வேலை பாக்கிறவர்: என் மச்சான் லண்டன்ல இருக்கான். அங்க வக்கீல் பில்லு பத்தின சண்டைக்கு மட்டுமே வாதாடுற பாரிஸ்டருங்க இருக்காங்கன்னு சொல்றான். கேஸ் நடத்தினதுக்கு ஆன செலவு எவ்வளவுன்னு இன்னொரு கேஸா? கதை விடுறானா?

கதை இல்ல தம்பி, உங்க மச்சான் சொல்றது நிஜம். காஸ்ட்ஸ் பாரிஸ்டர்னே சொல்லுவாங்க, அந்த வேலைக்குப் பேர் போன சேம்பர்ஸ், அதாவது பாரிஸ்டருங்க சேந்து நடத்துற ஆபீஸ், எல்லாம் லண்டன்ல உண்டு. காஸ்ட்ஸ் லாயர்னு அதுக்கே தனியா லைசென்ஸ் வாங்கின இன்னொரு தொழில்காரங்களும் இருக்காங்க. விசாரிக்கிறதுக்கு லண்டன்ல சீனியர் கோர்ட்ஸ் காஸ்ட்ஸ் ஆபீஸ்னு ஒரு இடம், அங்க காஸ்ட்ஸ் ஜட்ஜுங்க. மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும், அங்க கேஸைத் தயார் பண்ற சாலிசிட்டர் வேற, கோர்ட்ல நின்னு வாதாடுற பாரிஸ்டர் வேற. நம்ம ஊர்ல 1961 அட்வகேட்ஸ் ஆக்ட்டுக்கு அப்புறம் எல்லாரும் ஒரே வக்கீல்தான், பிராது எழுதுறதும் நான்தான், வாதாடுறதும் நான்தான், வாய்தா கேக்கிறதும் நான்தான்.

அங்க ஏன் அப்படி ஒரு தொழிலே வந்துச்சுன்னா, தோத்தவன் ஜெயிச்சவனோட செலவைக் கட்டணும்ங்கிறது அங்க பேப்பர்ல மட்டும் இருக்கிற ரூல் இல்ல, நிஜமாவே கட்டணும், அதுவும் வக்கீல் மணிக்கணக்குல போட்ட பில்லை அடிப்படையா வச்சு. அப்ப தோத்தவன் சும்மா இருப்பானா? பில்லை வாங்கி வரி வரியா சண்டை போடுவான். வேலை செஞ்ச நேரத்தை அங்க 6 நிமிஷம் 6 நிமிஷமா வெட்டி எழுதுறது வழக்கம், ஒரு லெட்டர் போட்டா ஒரு 6 நிமிஷம், ஒரு போன் பேசினா ஒரு 6 நிமிஷம். எதிர்த்தரப்பு ஆட்சேபணை பட்டியல் போடும். இந்த வேலைக்கு ஜூனியர் போதாதா, சீனியர் ஏன் உக்காந்தார்? ரெண்டு பேர் ஏன் போனீங்க? இந்த பேப்பரைப் படிக்க 4 மணி நேரமா? ஜட்ஜ் ஒவ்வொண்ணா பாத்து இது இருக்கட்டும், இதைக் கம்மி பண்ணு, இதை வெட்டுன்னு போவார். அதுலயும் ரெண்டு அளவுகோல் உண்டு. சாதாரண அளவுகோல்ல சந்தேகம் வந்தா கட்டுறவன் பக்கம் சாயும், ஒருத்தன் ரொம்ப மோசமா கேஸ் நடத்தியிருந்தா இன்டெம்னிட்டின்னு இன்னொரு அளவுகோல், அதுல சந்தேகம் வாங்குறவன் பக்கம் சாயும். எந்த அளவுகோல்ங்கிறதுக்கே அரை நாள் வாதம் ஓடும். இந்த பில் சண்டைக்கு ஆன செலவை யார் கட்டுறதுங்கிறது அதுக்கப்புறம், அதுவும் உண்டு!

ஒரு சம்பவம் சொல்றேன். ஆண்ட்ரூ மிட்செல்னு ஒரு எம்.பி., அமைச்சர் அந்தஸ்துல இருந்தவர், போலீஸ்காரங்களைத் திட்டினார்னு செய்தி போட்டதுக்கு பேப்பர் மேல மானநஷ்ட கேஸ் போட்டார். கேஸுக்கு எவ்வளவு செலவாகும்னு முன்கூட்டியே பட்ஜெட் கொடுக்கணும்ங்கிறது அங்க ரூல், அப்ப அதை அதுக்கான வாய்தாவுக்கு 7 நாள் முன்னாடியே கொடுக்கணும்னு இருந்துச்சு. அவரோட வக்கீலுங்க முந்தின நாள்தான் கொடுத்தாங்க. 5 லட்சத்து 6 ஆயிரம் பவுண்டு பட்ஜெட். லேட்டா வந்தீங்கல்ல, இனிமே நீங்க ஜெயிச்சாலும் கோர்ட் ஃபீஸ் மட்டும்தான் எதிராளிகிட்ட வாங்க முடியும்னு சொல்லிட்டாங்க, 2013-ல அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிருச்சு. நம்ம ஊர்ல பதிலுரை தாக்கல் பண்ண ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டு சிரிச்சிட்டே வர்ற ஆளுங்களை நெனச்சுப் பாத்தேன். அடுத்த வருஷமே வேற கேஸ்ல அந்தக் கெடுபிடியைக் கொஞ்சம் தளர்த்தினாங்க, ஆனா மிட்செல்லுக்குப் போனது போனதுதான்.

செலவு இப்படி எகிறிப்போச்சுன்னு அங்கயும் கத்தினாங்க. ஜாக்சன்னு ஒரு நீதிபதி இதையே ஆராய்ஞ்சு பெரிய ரிப்போர்ட் கொடுத்து, 2013-ல ரூலை எல்லாம் மாத்தினாங்க. 2023 அக்டோபர்ல இருந்து 1 லட்சம் பவுண்டு வரைக்குமான கேஸ் பெரும்பாலானதுக்கு இவ்வளவுதான் செலவுன்னு கட்டி வச்ச தொகை வந்திருச்சு. நம்ம 1973 ரூல் மாதிரிதான் ஒரு வகையில, தொகைதான் வேற ரேஞ்சு.

எனக்கு அவங்ககிட்ட பொறாமையா இருக்கிற விஷயம் வேற ஒண்ணு. கட்சிக்காரர் தன்னோட சொந்த சாலிசிட்டர் போட்ட பில்லையே கோர்ட்ல கொடுத்து சரியான்னு பாக்கச் சொல்லலாம். 1974 சாலிசிட்டர்ஸ் ஆக்ட்ல 70-வது பிரிவு, பில் கைக்கு வந்து ஒரு மாசத்துக்குள்ள கேட்டா கோர்ட் பாத்தே ஆகணும். பில்லுல அஞ்சுல ஒரு பங்கோ அதுக்கு மேலயோ குறைஞ்சிருச்சுன்னா, பாத்து சொன்ன செலவையும் பொதுவா சாலிசிட்டர்தான் கட்டணும். சென்னை ஐகோர்ட்ல சிவில் கேஸை நேரடியா எடுத்து விசாரிக்கிற ஒரிஜினல் சைடுல செலவுக் கணக்கைச் சரிபாக்க டாக்சிங் ஆபீசர்னு ஒருத்தர் இருக்கார், அதுக்கு மேல தர்மபுரி கட்சிக்காரருக்கு பில்லே கையில வர்றதில்ல, எதைக் கொண்டுபோய் காட்டுறது?

பாப்பிரெட்டிப்பட்டி: நான் பெங்களூர்ல பேக்கரி வேலை. வாய்தாவுக்கு லீவு போட்டுட்டு ராத்திரி பஸ் ஏறி வர்றேன், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து "டைம் வேணும்"ங்கிறார், அடுத்த மாசம்னு போட்டுடறாங்க. இதுவரைக்கும் 11 தடவை.

உங்களுக்காக நானே கோவப்படறேன். சட்டப்படி ஒரு தரப்புக்கு 3 வாய்தாவுக்கு மேல கொடுக்கக் கூடாது, கொடுக்கிற ஒவ்வொரு வாய்தாவுக்கும் செலவு போடணும், சிவில் நடைமுறைச் சட்டத்தோட ஆர்டர் 17-ல அப்படித்தான் இருக்கு. அதைவிட பல்லு உள்ளது அதே சட்டத்தோட 35-பி பிரிவு. இழுத்தடிக்கிற ஆளை அன்னைக்கு ஆன செலவைக் கட்டச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டா, அடுத்த வாய்தாவுல அதைக் கட்டாம அவர் மேற்கொண்டு கேஸ் நடத்தவே முடியாது. ஆனா யாராவது கேக்கணும். அடுத்த தடவை வரும்போது பஸ் டிக்கெட்டை தூக்கிப் போடாதீங்க, அன்னைக்கு சம்பளம் புடிச்ச விவரமும் வச்சுக்கோங்க, உங்க வக்கீல்கிட்ட "சார், டே காஸ்ட் கேளுங்க"ன்னு கோர்ட் ஹாலுக்குள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. அவர் தயங்குவார். எதிர்த்தரப்பு வக்கீல்கூட மத்தியானம் ஒண்ணா டீ குடிக்கணும்ல, அந்தத் தயக்கம்தான், எனக்கும் இருக்கு. நீங்க சொன்னீங்கன்னா "கட்சிக்காரர் விடமாட்டேங்கிறார்"னு உங்க மேல பழியைப் போட்டுட்டு கேட்டுருவார், போகட்டும், வேலை ஆகணும்.

தொப்பூர் பக்கத்துல ஒரு கிராமம்: கணவாய் இறக்கத்துல லாரி மோதி என் வீட்டுக்காரருக்கு கால் போச்சு. நஷ்டஈடு கேஸ் போட்டுத் தர்றேன், காசு எதுவும் முன்னாடி வேணாம், வர்றதுல 100-க்கு 20 கொடுத்துருங்கன்னு ஒரு வக்கீல் சொல்றார். சரிதானாங்க?

சரி இல்லம்மா. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா ரூல்லயே இருக்கு, ஜெயிச்சா இவ்வளவுன்னோ வர்ற பணத்துல பங்குன்னோ வக்கீல் பேசவே கூடாது. இங்கிலாந்துல ஜெயிச்சாத்தான் ஃபீஸ்ங்கிற ஏற்பாட்டுக்கு அனுமதி உண்டு, அங்கயே இந்த மாதிரி காயம் பட்ட கேஸ்ல கூடுதலா வாங்குற பங்குக்கு உச்சவரம்பு வச்சிருக்காங்க. இங்க சுத்தமா கிடையாது. கிடையாதுன்னு எழுதிட்டேன், நடக்கலைன்னு எழுத மாட்டேன், ஹைவே ஓரமா இருக்கிற ஊர்ல எல்லாம் இதுதான் பேச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். கையில காசு இல்லாத குடும்பத்துக்கு வேற யாரு கேஸ் போடுவாங்கன்னு கேக்கிறாங்க, அந்தக் கேள்வியிலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு.

ஆனா உங்களுக்கு வேற வழி இருக்கு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா வக்கீல் கொடுப்பாங்க, பொம்பளைங்களுக்கு வருமானமே பாக்கிறதில்ல, மாற்றுத்திறனாளிக்கும் அப்படித்தான், ஆக உங்க வீட்டுக்காரர் பேர்லயே கேக்கலாம். 15100-க்கு போன் போட்டாலும் சொல்லுவாங்க. இல்ல அந்த வக்கீலேதான் வேணும்னா, மொத்தமா இவ்வளவு ரூபாய்னு ஒரு தொகையைப் பேசி பேப்பர்ல எழுதிக்கோங்க. ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. நஷ்டஈடு வர்ற பேங்க் அக்கவுண்ட்டோட பாஸ்புக், கையெழுத்து போட்ட வெத்து செக், ஏ.டி.எம். கார்டு இதுல எதையும் யார்கிட்டயும் கொடுத்து வைக்காதீங்க, குமாஸ்தா எவ்வளவு நல்லவரா இருந்தாலும்.

பென்னாகரம்: பொய் கேஸ் போட்டு 6 வருஷம் அலைய விட்டான். கேஸ் தள்ளுபடி ஆயிருச்சு. அவன்கிட்ட நஷ்டஈடு வாங்க முடியுமா?

சிவில் நடைமுறைச் சட்டத்தோட 35-ஏ பிரிவுல வாங்கலாம். அதிகபட்சம் 3,000 ரூபாய். சைபர் எதுவும் விட்டுப்போகல, மூவாயிரம்தான். 1976 திருத்தத்துல ஆயிரத்துல இருந்து ஏத்தினது, அப்ப அதுக்கு சில பவுன் நகையே வாங்கலாம், இப்ப தர்மபுரில இருந்து சென்னைக்கு குடும்பத்தோட போயிட்டு வர்றதுக்கே பத்தாது. இதை 1 லட்சமாவது ஆக்குங்கன்னு சுப்ரீம் கோர்ட்டே ஒரு தீர்ப்புல எழுதிருச்சு. 2015-ல கமர்ஷியல் கோர்ட்ஸ் ஆக்ட் வந்தப்போ பெரிய வியாபாரத் தகராறுக்கு மட்டும் அந்த வரம்பை எடுத்துட்டாங்க. வியாபாரம் பண்றவனுக்குப் பொய் கேஸ்னா வலிக்கும், வரப்புத் தகராறுக்காரனுக்கு வலிக்காதாம். இதுல எனக்கு வேற சமாதானம் சொல்லத் தெரியல.

அரூர்: வக்கீலை மாத்தணும். பாக்கி ஃபீஸ் கொடுத்தாத்தான் கேஸ் கட்டைத் தருவேங்கிறார்.

கட்டைப் புடிச்சு வைக்க அவருக்கு உரிமை இல்ல. ஆர்.டி.சக்சேனா கேஸ்ல 2000-த்துலயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, ஃபீஸ் பாக்கின்னா தனியா கேஸ் போட்டு வாங்கிக்கலாம், கட்சிக்காரர் பேப்பர் கட்சிக்காரருக்குத்தான். எழுத்துல கேளுங்க, ரிஜிஸ்டர் தபால்ல. அப்பவும் தரலைன்னா மாநில பார் கவுன்சில்ல புகார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகாதீங்க, வக்கீல் வேலை அந்தச் சட்டத்துக்குள்ள வராதுன்னு 2024 மே மாசம் தீர்ப்பு வந்திருச்சு. ஆனா நிஜமாவே பாக்கி இருந்தா அதைக் கொடுத்துருங்க, அவரும் வீட்டு வாடகை கட்டணும்.

தேன்கனிக்கோட்டை: பணம் வரவேண்டிய கேஸ். எதிராளி சமாதானத்துக்கு வர்றார். வெளியிலயே பேசி முடிச்சா கட்டின கோர்ட் ஃபீஸ் போயிருமா?

போகாது. லோக் அதாலத்ல முடிச்சாலும் திரும்ப வரும், வெளியில நீங்களா பேசி முடிச்சிட்டு வந்து கோர்ட்ல சொன்னாலும் வரும்னு நம்ம மெட்ராஸ் ஐகோர்ட் சம்பந்தப்பட்ட கேஸ்லயே 2021 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. தமிழ்நாட்டுல 2017-க்கு அப்புறம் பண கேஸுக்கு 100-க்கு 3 ரூபாய் கோர்ட் ஃபீஸ், அதுக்கு முன்னாடி ஏழரை. பழைய கேஸா இருந்தா உங்களுக்கு நல்ல தொகையே நிக்கும், கேக்காம விட்றாதீங்க.

பாலக்கோடு: ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நீங்க ஃபீஸுக்கு ரசீது கொடுப்பீங்களா சார்?

இந்த லெட்டரைத்தான் என் ஜூனியர் கட்டுக்கு மேல எடுத்து வச்சிருந்தான், வேணும்னே.

மொத பத்து வருஷம் கொடுத்ததில்ல. உங்க ஊர்ப் பக்கத்துல இருந்தே ஒரு ஆயா வரும், தக்காளி காடு, பங்காளி தகராறு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கிழிக்கிற காலண்டர் தாளுல பேரனை விட்டு எழுதி வச்சிருக்கும், தாளுக்குப் பின்பக்கம் பென்சில்ல, பஸ்சு இவ்வளவு, டீ இவ்வளவு, வக்கீலுக்கு இவ்வளவு, குமாஸ்தாவுக்கு இவ்வளவுன்னு. எல்லாத்தையும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு மஞ்சப்பைக்குள்ள. கேஸ் முடிஞ்சு செலவுப் பட்டியல் எழுதுறப்போ நாங்க எங்க நோட்டைத் தேடுறோம், ஒண்ணும் சரியா இல்ல, ஆயா பைய அவுத்து மேஜை மேல கொட்டிருச்சு. "இதுல உங்களுக்குக் கொடுத்தது இருக்கு சாமி, நீங்க வாங்குனேன்னு கொடுத்த சீட்டுதான் என்கிட்ட இல்ல"ன்னுச்சு. நான் சிரிச்சேன். அது சிரிக்கல.

அன்னைக்கு சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கிற ஸ்டேஷனரி கடையில கார்பன் வச்ச பில் புக் ஒண்ணு வாங்கினேன். இப்ப 14-வது புக் ஓடுது. ஆயா கேஸுக்கு மட்டும் முன்தேதி போட்டு எழுத முடியாதுல்ல, அதனால அந்தக் காலண்டர் தாளுலயே "வாங்கினேன்"னு எழுதி, எழுதின தேதியைப் போட்டு ஒவ்வொண்ணுலயும் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன், 37 தாளு.